ரிப்டைட் 3: இரண்டு வருட அனுபவம்

பட்டர்வொர்த்தில் இருக்கும் அக்கா மகனுக்கு நேற்று ராத்திரி மைன்கிராஃப்ட் ஆட்டத்தில் ஒருவழியாக ட்ரைடென்ட் என்ற சூலம் கிடைத்துவிட்டது. உடனே போன். "மாமா, லாயல்டி போடவா, ரிப்டைட் போடவா?" இரண்டும் சூலத்துக்கு ஏற்றும் மந்திரங்கள்: எறிந்த சூலத்தைக் கைக்குத் திரும்ப வரவைப்பது லாயல்டி, எறிவதற்குப் பதில் ஆளையே சூலத்தோடு பாயவைப்பது ரிப்டைட். இரண்டும் ஒன்றாகச் சேராது என்று அவனுக்கே தெரியும். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் இரண்டு வருடமாக நான் ரிப்டைட் 3தான் (அதன் உச்ச நிலை) வைத்திருக்கிறேன். போனில் பாதிதான் சொன்னேன், மீதி இங்கே.

தண்ணீருக்குள் இருந்தாலோ மழையில் நனைந்தாலோதான் ரிப்டைட் வேலை செய்யும். மற்ற நேரத்தில் எத்தனை முறை வலது கிளிக் அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. சாதாரண ட்ரைடென்டையாவது எறியலாம், இதை எறியவும் முடியாது. எலும்புக்கூடு தூரத்தில் நின்று அம்பு விடும்போது கையில் சூலத்தோடு ஓடி ஒளிய வேண்டியதுதான்.

ஆட்டத்தில் மழை வந்தால் 10லிருந்து 20 நிமிடம். நின்றுவிட்டால் அடுத்த மழைக்குச் சில சமயம் இரண்டரை மணி நேரம்கூட ஆகும். செந்தூலில் எங்கள் வீட்டுப் பக்கம் சாயங்காலம் இடி இடித்தாலே அம்மா மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிடுவார், ஏற்கெனவே ஒன்று மின்னலில் போயிருக்கிறது. ஆக வெளியே மழை பெய்தால் ஆட்டம் இல்லை. ராத்திரி ஆட உட்கார்ந்தால் உள்ளே மழை இல்லை. அப்படியே வந்தாலும், ஆட்டத்துக்குள் இருட்டியதும் என்னோடு ஆடும் அக்கா மகன் கட்டிலுக்கு ஓடுவான். இருவரும் படுத்து எழுந்தால் பொழுது விடிந்திருக்கும், மழையும் போயிருக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் தாங்க முடியாதது பாலைவனம். சமதரை கிடைத்ததே என்று பத்துமலையை நாங்கள் கட்டியது அங்கேதான். 272 படி, 43 பிளாக் உயரத்தில் முருகன் சிலை, மூன்று மாத வேலை. நேற்று மழை வந்ததும் எலிட்ராவை (காற்றில் மிதக்க உதவும் இறக்கையை) மாட்டிக்கொண்டு கடற்கரை வீட்டிலிருந்து கிளம்பினேன். சிலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பச்சைப் புல் முடிந்து மணல் தொடங்கியது. தலைக்கு மேலே வானம் கறுத்துத்தான் இருக்கிறது, மணலில் ஒரு துளி இல்லை. பாலைவனத்தில் மழை பெய்யாது. அழுத்துகிறேன், அழுத்துகிறேன், அசையவில்லை. மெல்லச் சரிந்து முதல் படிக்கு இருபது பிளாக் முன்னால் இறங்கி, படிப்படியாக ஏறித்தான் மேலே போனேன்.

ஆனால் கடலுக்கு மேல் மழை பெய்யும்போது வந்து பாருங்கள். ஒரு பிடி பிடித்து விட்டால் உடம்பு சுழன்று மேலே பாயும், எலிட்ரா விரியும், இறங்கத் தொடங்கும்போது இன்னொரு தடவை. ராக்கெட் ஒன்றுகூடச் செலவில்லை. ராக்கெட் வைத்துப் பறக்கிறவர்களுக்கு அந்தச் சுழற்சி புரியாது. இந்த ஆட்டத்தில் நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

தேய்மானத்தையும் சொல்லிவிடுகிறேன். ட்ரைடென்டுக்கு 250 தடவைதான் ஆயுள், ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒன்று குறையும். இரும்போ வைரமோ கொடுத்து இதை அன்வில்லில் (பட்டறைக்கல்லில்) சரிசெய்ய முடியாது, இன்னொரு ட்ரைடென்டைத்தான் சேர்க்க வேண்டும். ட்ரவுண்டுகளில் (தண்ணீரில் திரியும் ஜோம்பிகளில்) நூற்றுக்கு ஆறு பேர் கையில்தான் அது இருக்கும், கொன்றாலும் விழ 8.5 சதவீத வாய்ப்புதான். பழுதைச் சரிசெய்யும் மெண்டிங் மந்திரப் புத்தகம் கிடைப்பதற்கு முன் நல்ல ட்ரைடென்ட் ஒன்றை அப்படித்தான் பறிகொடுத்தேன். லாயல்டியோ ரிப்டைடோ, எதைப் போட்டாலும் மெண்டிங்கும், தேய்மானத்தைக் குறைக்கும் அன்பிரேக்கிங்கும் கட்டாயம் போடு.

சரி, கேட்டதற்குப் பதில்: லாயல்டி போடு தம்பி. எறிந்தால் கைக்குத் திரும்பி வரும், மணலிலும் வேலை செய்யும். நேற்று அந்த 272 படியும் ஏறியவன் சொல்கிறேன்.

என்னுடையதை மாற்றிக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்காதே, தர மாட்டேன். அப்புறம், இனிமேல் மழை பெய்யும்போது கட்டில் பக்கம் போகாதே.