லேர் தேர்வின் கிரேடிங் பகுதிக்கு எதை வாங்கலாம்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்ட் (நிலவெளி வடிவமைப்பாளர்) உரிமத்துக்காக, உரிம வாரியங்களின் கூட்டமைப்பான கிளார்ப் (CLARB) நடத்தும் லேர் (LARE) தேர்வில், கிரேடிங், அதாவது நிலத்தின் மட்டத்தையும் சரிவையும் திட்டமிடுவது, நான்காம் பகுதியில் வருகிறது. அதற்கென விற்பவை பெரும்பாலும் மூன்று வகை: கேள்வி வங்கி, வீடியோ வகுப்பு, கான்டூர் (ஒரே உயரத்துப் புள்ளிகளை இணைக்கும் கோடு) பயிற்சித் தாள். ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் பயிற்சித் தாளை வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் எந்தக் காலத்துத் தொகுப்பு என்று முதலில் பாருங்கள். 2023 டிசம்பரில் பகுதிகளை மாற்றி அமைத்தார்கள். அதற்கு முன் நான்காம் பகுதியில் கட்டுமான ஆவணங்களும் சேர்ந்திருந்தன. இப்போது அவை மூன்றாம் பகுதிக்குப் போய்விட்டன. நான்காவதில் இருப்பவை கிரேடிங், வடிகால், மழைநீர் மேலாண்மை. பழைய தொகுப்பை அட்டை முதல் அட்டை வரை படித்தால் உழைப்பில் கணிசமான பங்கு வீண்.

கையால் வரையும் கேள்விகள் 2012 வரை இருந்தன. அந்தக் காலத்துத் தாள்கள் கிடைத்தால் விடாதீர்கள். தேர்வு இன்று கணினியில் என்றாலும், கான்டூர் ஏன் அங்கே வளைகிறது என்பது பென்சிலால் இழுத்தால்தான் பிடிபடும்.

நல்ல தாள் எப்படி இருக்க வேண்டும்? 101.40 அடி மட்டத்தில் தொடங்கி 4% சரிவில் இறங்கும் நடைபாதையை எடுத்துக்கொள்வோம். 0.40-ஐ 0.04-ஆல் வகுத்தால் 10. எனவே 101 கான்டூர் 10 அடியில் விழும்; அதன் பின் ஒவ்வொரு அடி இறங்கவும் 25 அடி ஆவதால் 100 கான்டூர் 35 அடியில், 99 கான்டூர் 60 அடியில். முதல் கான்டூரையே 25 அடியில் போடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. இத்தோடு நிற்கும் தாள் போதாது. 6 அடி அகலத்துக்கு 2% குறுக்குச் சரிவும் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரு ஓரங்களுக்கும் 0.12 அடி வித்தியாசம் வரும், அதை 0.04-ஆல் வகுத்தால் 3 அடி. தாழ்ந்த ஓரத்தில் அதே கான்டூர் 3 அடி மேட்டுப்பக்கம் தள்ளிப் போகும். இதைத் திருப்பி வரைந்தால் தண்ணீர் எதிர் ஓரத்துக்கு, சில சமயம் கட்டடத்தை நோக்கியே ஓடும். 6 அங்குலக் கர்ப் (சாலையோர உயர்விளிம்பு) இருந்தால், 4% சாலையில் கான்டூர் கர்ப்பின் முகத்தை ஒட்டி 12.5 அடி இறக்கத்தில் போய்த்தான் மேலே ஏறும். இந்தக் கர்ப் கணக்கு இல்லாத தாளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி வங்கியின் பலம் வேகமும் விதிகளும். சாய்தளத்துக்கு அதிகபட்சம் 1:12, ஒரு ஓட்டத்தில் 30 அங்குல ஏற்றம், தளமேடை (சாய்தளத்தின் முனையில் உள்ள சமதளம்) 60 அங்குல நீளம், நடைபாதையின் குறுக்குச் சரிவு 1:48 ஆகியவை நாக்கு நுனியில் நிற்க அது உதவும். நடைபாதை 1:20-ஐத் தாண்டினால் அது சாய்தளம், அதற்குரிய விதிகள் எல்லாம் பொருந்தும் என்பதையும் கேட்டுக் கேட்டுப் பதியவைக்கும். பல வங்கிகளின் குறை விளக்கத்தில் இருக்கிறது: விடை 'இ' என்று மட்டும் சொல்லி விடுவார்கள், 'ஆ' ஏன் தவறு என்று சொல்வதில்லை. மாதிரிக் கேள்விகளில் இதைச் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

வீடியோ வகுப்பு, கான்டூரையே பார்த்திராதவர்களுக்கு மட்டும். பள்ளத்தில் கான்டூரின் முனை மேட்டை நோக்கும், வரப்பில் இறக்கத்தை நோக்கும் என்பதை அசைவில் காட்டும்போது சட்டெனப் புரியும். அதன் பிறகு பார்த்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

மழைநீர்க் கணக்கில் எல்லா வகையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓடுநீர்க் கெழு (மழையில் எவ்வளவு பங்கு நிலத்தில் ஓடும் என்ற எண்), மழைச்செறிவு, பரப்பு மூன்றையும் பெருக்கும் சூத்திரத்துக்குப் பரப்பு ஏக்கரில் வேண்டும். கேள்வியில் சதுர அடியில் வரலாம். 65,340 சதுர அடியை 43,560-ஆல் வகுத்தால் 1.5 ஏக்கர், கெழு 0.9, செறிவு மணிக்கு 4 அங்குலம் என்றால் வினாடிக்கு 5.4 கன அடி. மண் அளவில் கன அடியைக் கன கெஜமாக்க 27-ஆல் வகுக்க மறப்பதும் இதே ரகப் பிழைதான். தவறான விடைத் தெரிவுகளில் ஒன்று இப்படி மறந்தால் வரும் எண்ணாகவே இருக்கும் பயிற்சித் தொகுப்பைத் தேடிப் பிடியுங்கள்.