பம்பிங் எவ்வளவு? எக்கோ, மூகா, எம்.ஆர்.ஐ.: எங்கள் தேர்வு

மார்பகப் புற்றுநோய்க்காக என் மனைவிக்கு டிராஸ்டுசுமாப் ஊசி தொடங்கியதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதயத்தின் பம்பிங்கைப் பார்த்தாக வேண்டும் என்றார் மருத்துவர். அந்த மருந்து சிலருக்கு இதயத் தசையைத் தளர்த்திவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதே பம்பிங் எண். முதல் எக்கோவில், அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், 64 சதவீதம். அடுத்ததை வீட்டுக்குப் பக்கத்து ஸ்கேன் மையத்தில் எடுத்தோம்: 52. ஊசியைத் தள்ளிவைத்தார்கள். பழைய இடத்தில் மறுபடி எடுத்தபோது 61. இதயம் அப்படியேதான் இருந்திருக்கிறது. அளந்த கைதான் மாறியிருக்கிறது.

எக்கோ மலிவு, கதிர்வீச்சு இல்லை. ரத்தத்தில் கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் மூகா ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு. எம்.ஆர்.ஐ.க்குச் செலவும் அதிகம், குழாய்க்குள் மூச்சை அடக்கியும் படுக்க வேண்டும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. எங்களுக்கு முக்கியம், அதே இதயத்தை மறுபடி அளந்தால் அதே எண் வருமா என்பதுதான்.

சாதாரண இரு பரிமாண எக்கோவில் இடது கீழறையின் உள்விளிம்பை இரண்டு கோணங்களில் வரைகிறார்கள். மிச்சத்தைக் கணினி ஊகித்துக் கணக்கிடுகிறது. கருவி சற்றுச் சாய்ந்து அறையின் நுனி விடுபட்டாலே எண் மாறிவிடும். இதனால் 10 புள்ளி வரைகூட ஏறியிறங்கலாம். மருந்தின் பாதிப்பு என்று மருத்துவர்கள் கவலைப்படுவதும் 10 புள்ளிச் சரிவுக்குத்தான்! முப்பரிமாண எக்கோவில் இந்த ஊகம் குறைவு, ஊசலாட்டமும் குறைவு.

மூகாவில் சிவப்பணுக்களில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி, அறையிலிருந்து வரும் காமா கதிர்களை எண்ணுகிறார்கள். வடிவத்தை ஊகிக்க வேண்டியதில்லை என்பதால் எண் நிலையானது. ஆனால் ஆண்டுக்கு நான்கைந்து முறை கதிர்வீச்சா என்று நாங்கள் அதைத் தவிர்த்தோம். எம்.ஆர்.ஐ. அறையைத் துண்டு துண்டாகப் படமெடுத்து அளப்பதால் அதைத்தான் உரைகல்லாகக் கொள்கிறார்கள். நாங்கள் எடுத்தது ஒரே முறை. அதை வைத்து நான் அதிகம் பேசக்கூடாது. எக்கோவில் படம் தெளிவாக விழாதவர்களும், பம்பிங் 50 சதவீதத்தை ஒட்டித் தத்தளிப்பவர்களும் அதையே கேட்டு வாங்கலாம்.

எங்கள் தேர்வு முப்பரிமாண எக்கோ, கூடவே ஸ்ட்ரெயின். தசை எவ்வளவு சுருங்குகிறது என்பதை அளக்கும் இந்த எண், பம்பிங் குறையும் முன்பே சரியத் தொடங்கும். அறிக்கையில் மைனஸ் 20 என்று பார்த்துப் பதறிவிட்டேன். தசை குறுகுவதால்தான் அந்த மைனஸ். தொடக்க அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால்தான் கவலை.

ஒரு முறையில் வந்த எண்ணை இன்னொரு முறையின் எண்ணோடு ஒப்பிடுவதையும் விட்டுவிட்டோம். இப்போது அதே மையம், அதே இயந்திரம், அதே டெக்னீஷியன். பழைய படங்களின் சி.டி.யும் கையோடு போகும். அந்தப் பெண் விடுப்பில் இருந்தால், நாங்கள் தேதியை மாற்றிக்கொள்கிறோம்.