ஹெட் போல்ட் இறுக்க எது நல்லம்: கைக்கணக்கா, கிளிக் ரெஞ்சா, முள்ளு ரெஞ்சா, தராசா?

2020ல இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டினதுல இருந்து நம்ம மலையகத்துல பழைய பைக்க ஹெட் (எஞ்சின் சிலிண்டரோட மேல் மூடி) கழட்டி செஞ்சு ஓட்டுறது சாதாரணமா போச்சு, 2025ல திறந்து விட்ட பிறகும் புதுசோட விலைய பார்த்தா பழசே போதும்னுதான் தோணுது. ஆனா ஹெட்ட திருப்பி இறுக்குறதுலதான் நிறைய வேல கெட்டுப்போகுது.

கைக்கணக்கு: அளக்காம கை உணர்வ மட்டும் வச்சு இறுக்குறது. அனுபவமுள்ள பாஸ்மார் கைய நான் மதிக்கிறேன், கவர் போல்ட்டுக்கு அது தாராளமா போதும். ஹெட்டுக்கு வேணாம். ஸ்பெனர் நீளம் மாறினா கைக்கு தெரியுற பாரமும் மாறும், நாலு நட்டும் ஒரே அளவா வராது. ஹட்டன்ல இருந்து நுவரெலியாவுக்கு ரெண்டு பேர ஏத்திக்கிட்டு சின்ன கியர்ல ஏறும்போது எஞ்சின் நல்லா சூடாகும், அலுமினியம் இரும்ப விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், அந்த நேரம் லூசா இருக்கிற பக்கத்தாலதான் ஒயில் கசிய தொடங்கும்.

கிளிக் ரெஞ்ச்: நாம வச்ச அளவு வந்ததும் 'கிளிக்'னு அடிக்கும். நல்ல சாமான், ஆனா சரியான சைஸ் வாங்கணும். கடையில அதிகமா கிடைக்கிற அரை இஞ்சி ரெஞ்ச் 28ல இருந்து 210 நியூட்டன் மீட்டர் (இறுக்குற பலத்தோட அளவு) வரைக்கும், அது கார் வீல் நட்டுக்குத்தான் சரி. சின்ன பைக்ல 8 மில்லி ஹெட் நட்டுக்கு பொதுவா 20 சொச்சம்தான் கேக்கும் (உங்க மொடலோட மெனுவல்ல இருக்கிறதுதான் முடிவு), அப்ப அந்த ரெஞ்ச் கிளிக் அடிக்கும் முன்னாடியே மரை போயிரலாம். இன்னொன்னு, பழைய மெனுவல்ல 2.2 kg-m (இதுவும் இறுக்குற பலத்தோட அளவுதான், தூரமில்ல) னு இருந்தா அது கிட்டத்தட்ட 22 நியூட்டன் மீட்டர், அத 22 அடி பவுண்டுனு வச்சா 30 ஆயிரும், கவனம். வேல முடிஞ்சா ஸ்பிரிங்க குறைஞ்ச அளவுக்கு தளர்த்தி வைங்க, கழட்டுறதுக்கு அத பாவிக்க வேணாம்.

முள்ளு ரெஞ்ச்: எனக்கு பிடிச்சது இதுதான். கம்பி வளையும், முள்ளு அளவ காட்டும், உள்ள தேயுறதுக்கு ஒன்னுமில்ல, விலையும் குறைவு. முள்ள நேரா மேல இருந்து பார்க்கணும், எஞ்சின் பிரேமுக்குள்ள இருந்தா அதுதான் கஷ்டம்.

தராசு: ரெஞ்ச் வாங்க காசில்லாட்டி இது நெசமாவே வேல செய்யும். நட்டு நடுவுல இருந்து 25 சென்டிமீட்டர் தூரத்துல ஸ்பெனர்ல லக்கேஜ் தராச மாட்டி, ஸ்பெனருக்கு செங்குத்தா இழுங்க, 2.2ஐ 0.25ஆல பிரிச்சா 8.8 கிலோ, தராசு அத காட்டினதும் நிப்பாட்டுங்க. கொழுந்து நிறுக்கிற பெரிய தராசுல இவ்வளவு சின்ன கணக்க சரியா வாசிக்க ஏலாது. கைக்கணக்க விட இது எவ்வளவோ மேல்.

எத எடுத்தாலும் மரை சுத்தமா இருக்கணும், ஏன்னா போடுற பலத்துல சுமார் பத்துல ஒரு பங்குதான் ஹெட்ட அழுத்துது, மத்ததெல்லாம் உராய்வுக்கே போயிரும், துருப்பிடிச்ச ஸ்டட்ல (நட்டு ஏறுற மரைக்கம்பி) எந்த ரெஞ்சும் ஏமாத்தும். ஒயில் போட சொல்லி மெனுவல்ல இருந்தா மட்டும் போடுங்க. குறுக்கும் மறுக்குமா, 22 கேக்குற மொடல்னா 10, 16, 22னு மூணு தடவையா இறுக்குங்க, எஞ்சின் ஆறியிருக்கணும். ஹெட் இறுக்கினதும் டெப்பட் (வால்வ்) இடைவெளி மாறியிருக்கலாம், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அதையும் அளந்து பாருங்க.