காரைக்குடியில் அண்ணன் கணக்கில் என் செலவு

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனால் காசு போகும் வழி தெரியாது. டீ, பூ, ஆட்டோ, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் என்று பத்தும் ஐம்பதுமாகக் கரைந்துவிடும். எங்கு பார்த்தாலும் கியூஆர் அட்டை இருப்பதால் இப்போது இன்னும் வேகமாகக் கரைகிறது.

இந்த முறை யுபிஐ சர்க்கிளில், அதாவது ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் தன் போனிலேயே பணம் கட்டும் வசதியில், அண்ணன் தன் கணக்கோடு என்னைச் சேர்த்துவிட்டார். பழைய இந்திய சிம் உயிரோடு இருந்ததால் சிரமமில்லை. ஒவ்வொரு தடவையும் அவரிடம் ஒப்புதல் கேட்காதபடி முழு அனுமதி கொடுத்தாலும் மாதத்துக்கு 15,000 ரூபாய்தான், ஒரு தடவைக்கு 5,000. சேர்த்த முதல் 24 மணி நேரத்துக்கு மொத்தமே 5,000. அவருடைய பின் நம்பர் எனக்குத் தேவையில்லை. நான் செலவழிக்கப்போகும் பணத்தைக் கிளம்பும் முன்பே சிங்கப்பூரிலிருந்து அவருக்கு அனுப்பிவிட்டேன்.

உச்சவரம்பைவிடப் பெரிய கட்டுப்பாடு வேறு ஒன்று: நான் எங்கே ஸ்கேன் பண்ணினாலும் அண்ணன் போனில் தகவல் வந்துவிடும். செக்காலை ரோட்டில் இரண்டாவது பால்கோவா பொட்டலத்துக்குப் பணம் கட்டி முடிப்பதற்குள் போன் வந்தது. "யாருக்குடா அது? வீட்ல சுகர்காரங்கதான் இருக்கோம்." இதைவிட நல்ல பட்ஜெட் செயலி கிடையாது.

என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) உள்ளவர்கள் சிங்கப்பூர் எண்ணிலேயே சொந்தமாக யுபிஐ வைத்துக்கொள்ளலாம், 2023இலிருந்து அந்த வழி இருக்கிறது. ஆனால் அதில் கேள்வி கேட்க ஆளில்லை.

கிரெடிட் கார்டை ஹோட்டல் பில்லுக்கும் சேலைக்கும் மட்டும் எடுத்தேன். நம் சிங்கப்பூர் வங்கிகள் வெளிநாட்டுச் செலவுக்கு மூன்று விழுக்காட்டுக்கு மேல் பிடிப்பதால் சின்னச் செலவுக்கு அது ஆகாது. ஹோட்டலில் கார்டைச் செருகியதும் மெஷின் 'வெள்ளியா (சிங்கப்பூர் டாலர்), ரூபாயா' என்று கேட்டது. வரவேற்பில் இருந்த தம்பி உதவி செய்வதாக நினைத்து வெள்ளியை அமுக்கப் போனார். "தம்பி, ரூபாயே இருக்கட்டும்" என்று தடுத்தேன். வெள்ளி என்றால் அந்த மெஷின்காரர் வைத்ததுதான் மாற்று விலை, அதில் அவருக்கு லாபம் உண்டு. அதற்கு மேல் நம் வங்கியும் தன் பங்குக்குக் கட்டணம் போடலாம். ஜவுளிக்கடையில் கார்டு என்றால் இரண்டு விழுக்காடு கூடுதல் என்றார்கள், ஜீபே என்றால் இல்லையாம். யுபிஐக்குக் கடைக்காரரிடம் 2020 முதல் கட்டணம் பிடிப்பதில்லை என்பதால் அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரி.

கிளம்பும் அன்று சர்க்கிளிலிருந்து என்னை எடுத்துவிடச் சொன்னேன். "பொங்கலுக்கு வருவில்ல, இருக்கட்டும்டா" என்றார் அண்ணன். அண்ணி போனை வாங்கி அப்போதே நீக்கிவிட்டார்.