காற்றின் பக்கம் வைத்த பேட்டரி: சூடேற்றும் கையுறையுடன் நான்கு பனிக்காலங்கள்

பழுதுபார்க்க அனுப்பியிருந்த வலக்கை உறை ஐந்து வாரங்களுக்குப் பிறகு சென்ற திங்கட்கிழமை திரும்பி வந்தது. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த வேளையில், என்னுடன் பனிச்சறுக்குக்கு வரும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அந்தச் சூடேற்றும் கையுறையை நானும் வாங்கலாம் என்றிருக்கிறேன், உங்கள் அனுபவம் எப்படி?" என்று கேட்டார். நான்கு பனிக்காலம் பயன்படுத்தியவனிடம் இதற்கு ஒரே சொல்லில் பதில் இருந்திருக்க வேண்டும். என்னிடம் இல்லை. சொல்லத் தொடங்கியது முடிவில்லாமல் நீண்டதால், எழுதி அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

விற்பனைப் பக்கத்தில் உள்ள விவரங்களைத் திரும்ப அடுக்கப்போவதில்லை. பெருவிரலுக்குத் தனி அறை, மற்ற நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஒரே அறை என்ற மிட்டன் வகை, 7.4 வோல்ட் லித்தியம் அயனி பேட்டரி. மூன்று சூட்டு நிலைகள். இவ்வளவு போதும்.

எந்த வானிலையைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைத்தான் முதலில் தெளிவாக்க வேண்டும். வெயில் காயும் நாளில், மைனஸ் ஐந்து டிகிரியில் சறுக்குபவருக்கு இந்தக் கையுறை வீண் சுமை. நான் சொல்வது, மரங்கள் முடிந்து வெற்று முகடு தொடங்கும் உயரத்தில், வெப்பநிலை மைனஸ் 20-க்குக் கீழே இறங்கி, காற்று தரையிலிருக்கும் பனித்தூளை வாரி முகத்தில் இறைக்கும் நாள்களைப் பற்றி. தடத்தின் மிகக் குளிர்ந்த இடத்தில் வெப்பநிலை மைனஸ் 20-க்குக் கீழே போனால் நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டியைத் தள்ளிவைக்க வேண்டும் அல்லது கைவிட வேண்டும் என்பது சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் விதி. பயிற்சி பெற்ற வீரர்களையே அறைக்குள் இருக்கச் சொல்லும் அந்த வானிலையில், நாங்கள் பணம் கொடுத்து மலையுச்சிக்குப் போகிறோம் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும்.

கனடாவும் அமெரிக்காவும் 2001-இல் ஏற்றுக்கொண்ட காற்றுக்குளிர் வாய்பாட்டின்படி, மைனஸ் 25 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் முகத்தோலுக்கு அது மைனஸ் 41-க்குச் சமம். மூடாத தோல் பத்து நிமிடங்களுக்குள் உறைந்துபோகலாம். அதே காற்றை எதிர்த்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கி இறங்கினால், தோல்மீது மோதும் காற்று 80 ஆகிறது, வாய்பாடு மைனஸ் 45 என்கிறது. காற்று இரட்டிப்பான பிறகும் நான்கு டிகிரிதான் கூடியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். உடலை ஒட்டியிருக்கும் மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலத்தைக் கலைத்துவிடும் வேலையில் பெரும்பகுதியை மிதமான காற்றே செய்து முடித்துவிடுகிறது. இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கையுறையின் குற்றமும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

முதலில் பாராட்டு, ஏனெனில் அது உண்மையானது. சறுக்கி இறங்கும்போது உடல் உழைப்பதால் கை ஓரளவு தாக்குப்பிடிக்கும். சோதனை வருவது நாற்காலி லிஃப்டில் அசையாமல் உட்கார்ந்து மேலே போகும் பத்து நிமிடங்களில்தான். குளிரில் உடல் தன் மையத்தைக் காப்பாற்றுவதற்காக விரல்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது, எத்தனை தடித்த உறை போட்டாலும் உள்ளே வெப்பம் வந்து சேரவில்லையென்றால் உறை எதைக் காக்கும்? இந்தக் கையுறையில் விரல்களின் முதுகுப்புறம் ஓடி நுனிகளைச் சுற்றி வளைந்து வரும் மெல்லிய சூட்டுக் கம்பி, அந்தப் பத்து நிமிடங்களை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. விறைத்த விரல்களில் இரத்தம் திரும்பும்போது நகக்கண்களில் ஊசியேற்றுவதுபோல் எழும் வலியை அனுபவித்தவர்களுக்கு, அந்த வலி ஒரு பனிக்காலம் முழுவதும் வராமல் இருந்தது எத்தகைய நிம்மதி என்பதை விளக்க வேண்டியதில்லை. கையுறைக்குள் போட்டுக்கொள்ளும் வெதுவெதுப்புப் பொட்டலங்களுடன் ஒப்பிட்டாலும் இதுவே மேல். இரும்புத்தூள் ஆக்சிஜனேற்றம் அடைவதால் சூடாகும் அந்தப் பொட்டலங்களுக்குக் காற்று வேண்டும். இறுக மூடிய மிட்டனுக்குள் அவை மூச்சு முட்டி மந்தமாகிவிடுகின்றன.

இனி, நான்கு ஆண்டுகளாக என்னை எரிச்சலூட்டி வரும் விஷயம். இந்தக் கையுறையை வடிவமைத்தவர்கள் பேட்டரியை மணிக்கட்டுப் பட்டையின் வெளிப்புறத்தில், பஞ்சு அடைப்புக்கும் வெளியே, ஒற்றைத் துணிப்பையில் வைத்திருக்கிறார்கள். ஊன்றுகோல்களைப் பிடித்துச் சறுக்கும் ஒருவரின் கை எப்படி இருக்கும்? மணிக்கட்டின் வெளிப்புறம் நேராக முன்னோக்கி, வரும் காற்றைப் பார்த்தபடி இருக்கும். விரல்களைச் சூடாக்க வேண்டிய பொருளையே, குளிர் முதலில் தாக்கும் இடத்தில் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள்.

விளைவு இதுதான்: காற்றில்லாத மைனஸ் 25-இல் உயர் சூட்டு நிலையில் ஒரு முற்பகல் முழுவதும் எரிந்த விளக்கு, அதே மைனஸ் 25-இல் காற்று எழுந்த நாளில் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை சிவப்பாகச் சிமிட்டி அணைந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று திட்டிக்கொண்டே குடிலுக்குள் போய் உட்கார்ந்தால், கால் மணி நேரத்தில் அதே பேட்டரி பாதிக்கு மேல் மின்னேற்றம் இருப்பதாகக் காட்டும். முதல் பனிக்காலம் முழுவதும் பேட்டரி பழுது என்றே நம்பினேன். உண்மையில் அது பொய் சொல்லவில்லை. குளிரில் லித்தியம் அயனிக் கலத்தின் அகமின்தடை உயர்கிறது. உயர் சூட்டு நிலை அதிக மின்னோட்டத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. உடனே பாதுகாப்புச் சுற்று கலம் காலியாகிவிட்டதாக எண்ணித் துண்டித்துவிடுகிறது. உள்ளே மின்னேற்றம் இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை.

உயிரற்ற பேட்டரிக்குக் காற்றுக்குளிர் என்று ஒன்று கிடையாதே என்று சிலர் வாதிடுவார்கள். பாதி சரி. எவ்வளவு காற்று அடித்தாலும் பேட்டரி மைனஸ் 25-க்குக் கீழே போகாது. ஆனால் வேலை செய்யும் பேட்டரி தன் உள் வெப்பத்தாலும் கையிலிருந்து கசியும் வெப்பத்தாலும் வெளிக்காற்றைவிடச் சற்று மேலான வெப்பநிலையில் தன்னை வைத்துக்கொள்கிறது. காற்று பறிப்பது அந்தச் சிறு சேமிப்பைத்தான். இரண்டு விரற்கடை உள்ளே, பஞ்சு அடைப்புக்கு அடியில், நாடி ஓடும் பக்கத்தில் தைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

நியாயமாகப் பேச வேண்டுமானால் என் பங்குத் தவறையும் சொல்ல வேண்டும். முதல் பனிக்காலத்தில், மலையிலிருந்து இறங்கியதும் சில்லிட்டிருந்த பேட்டரிகளை அப்படியே மின்னேற்றியில் செருகினேன். உறைநிலைக்குக் கீழே இருக்கும் லித்தியம் அயனிக் கலத்தை மின்னேற்றினால், லித்தியம் எதிர்மின்வாயான கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். போன கொள்ளளவு பிறகு முழுமையாகத் திரும்பாது. கையேட்டில் இதற்கு ஒரு வரி இருக்கிறது, எறும்பு எழுத்தில். இப்போது இரண்டு மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்த பிறகே செருகுகிறேன். ஆகவே என் பேட்டரிகளின் சோர்வில் ஒரு பகுதி நான் விளைத்தது. ஆனால் புதிதாக வாங்கிய இரண்டாவது ஜோடி, ஒருமுறைகூடக் குளிரில் மின்னேற்றாத ஜோடி, முதல் காற்று நாளிலேயே அதே சிவப்பு விளக்கைக் காட்டியது என்பதையும் பதிவு செய்கிறேன்.

நான் கண்ட தீர்வு அழகானதல்ல. பழைய கம்பளிக் காலுறை ஒன்றின் கணுக்காலுக்கு மேற்பட்ட பகுதியை வெட்டி, மணிக்கட்டில் இறுக்கமாக மாட்டி, பேட்டரியை அதற்குள் உட்புறமாகச் செருகி, சிறு நீட்டிப்புக் கம்பியால் கையுறையுடன் இணைத்தேன். மேலே சட்டைக் கையும் அதற்குமேல் கையுறைப் பட்டையும் வருகின்றன. மூன்றாம், நான்காம் பனிக்காலங்களில் இந்த ஏற்பாட்டுடன் ஒருமுறைகூட நடுவழியில் அணையவில்லை. உயர் நிலையை லிஃப்டில் மட்டும் போட்டு, இறங்கும்போது தாழ் நிலைக்கு மாற்றுவதும் உதவுகிறது. மாற்றுவதற்கான பொத்தான் இன்னும் வெளிப்புறத்தில்தான், பனி மூடி இறுகிய நிலையில்தான் இருக்கிறது. ஒரு கையுறையின் பொத்தானை அழுத்த மற்றொரு கையுறையைக் கழற்ற வேண்டியிருப்பதை என்னவென்று சொல்வது?

பழுதைப் பற்றிச் சுருக்கமாக: சுட்டுவிரலின் அடியில், ஊன்றுகோலைப் பற்றும்போது மடியும் இடத்தில் சூட்டுக் கம்பி அறுந்திருந்தது. தொடர்ந்து மடக்கியதால் நேர்ந்தது என்று பழுதுபார்ப்பவர்கள் குறிப்பு எழுதியிருந்தார்கள். பனிச்சறுக்குக்கென்றே விற்கப்படும் கையுறையை அணிந்து ஊன்றுகோலைப் பற்றாமல் வேறு எதைப் பற்றுவது என்று பதில் எழுதி, பிறகு அனுப்பாமல் அழித்துவிட்டேன். கட்டணம் வாங்காமல் சரிசெய்து தந்தவர்களிடம் சண்டை போடுவது முறையல்ல.

இத்தனைக்கும் நடுவே, நான் எதிர்பாராத ஓர் இன்பம் இருக்கிறது. பெருவிரலின் முதுகில் ஒரு மெத்தென்ற துணித் துண்டு தைக்கப்பட்டிருக்கிறது. கடுங்குளிரில் மூக்கு ஒழுகுவதை யாராலும் நிறுத்த முடியாது. ஒழுகியது உதட்டுக்கு மேல் உறைவதற்குள் துடைக்க வேண்டும், கைக்குட்டை எடுக்க நேரமில்லை. அந்தத் துண்டு அதற்காகவே அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்திருக்கிறது. தோலைக் கீறுவதில்லை, உறைந்ததைத் தட்டினால் பொடியாக உதிர்ந்துவிடுகிறது, துவைத்தால் புதிதாகிறது. பேட்டரியை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவரும் இதைத் தைக்கச் சொன்னவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். லேசான குளிரிலேயே விரல்கள் வெளிறிப்போகும் ரெய்னோ பாதிப்பு அவருக்கு உண்டு. 1862-இல் மொரிஸ் ரெய்னோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த அந்த நிலை உள்ளவர்கள், காற்று எழும் கணத்தில் அணைந்துவிடக்கூடிய ஒரு பொருளை நம்பி முகட்டுக்குப் போகக் கூடாது. பேட்டரியை உட்புறம் வைக்கும் வேறு கையுறை கிடைக்கும்வரை, தடித்த மிட்டனும் கம்பளி உள்ளுறையும் போதும். இந்த ஐந்து வாரங்கள் நானும் அவற்றுடன்தான் சறுக்கினேன், மைனஸ் 18 வரை பெரிய குறையில்லை.

இதையெல்லாம் பொறுமையாகப் படித்து முடித்த அவர், சனிக்கிழமை மைனஸ் 22-உம் பலத்த காற்றும் இருக்கும் என்கிறார்கள், அன்று ஒருநாள் மட்டும் உங்கள் ஜோடியை இரவல் தர முடியுமா என்று கேட்டார். தர முடியாது, எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.