டாஸ்க்லெட்டை எடுத்தது சரி, வரிசைதான் இடிக்கிறது

டிஎம்ஏ (சிபியூ இல்லாமலே சாதனமும் நினைவகமும் தரவு பரிமாறுவது) டிரைவர் ஒன்றில் இருந்த டாஸ்க்லெட்டை (இன்டரப்ட், அதாவது சாதனத்தின் அழைப்பு, வந்தபின் மீதி வேலையைச் சற்றுத் தள்ளிச் செய்யும் பழைய கெர்னல் வசதி) எடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக லினக்ஸ் 6.9-இல் வந்த பிஎச் ஒர்க்கியூவைப் போடும் பேட்ச் (நிரல் மாற்றம்) இது. மூன்று நாள் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். பிடித்திருக்கிறது, ஆனால் இப்படியே சேர்க்க மாட்டேன்.

பிடித்ததற்குக் காரணம் உண்டு. கால்பேக் (தள்ளிவைத்த வேலையைச் செய்யும் ஃபங்ஷன்) முடிந்த பிறகும் கெர்னல் டாஸ்க்லெட்டின் நினைவகத்தைத் தொடும், அதன் பூட்டைத் திறப்பதற்காக. கால்பேக்குக்குள்ளேயே அந்த நினைவகத்தை விடுவித்திருந்தால் போச்சு. இதே பிழையைத் தேடி இரண்டு வாரம் தூக்கம் கெட்டவன் நான். ஒர்க்கியூவில் வேலை தன்னையே விடுவித்துக்கொள்ளலாம்.

தாமதமும் அதிகரிக்காது. சாதாரண ஒர்க்கியூ என்றால் ஷெட்யூலர் ஒரு திரெட்டை எழுப்பும்வரை காத்திருக்க வேண்டும். இது பழையபடி சாஃப்ட்ஐஆர்க்யூவிலேயே (இன்டரப்டை அடுத்து ஓடும், தூங்கக் கூடாத கட்டம்), வேலையை வரிசையில் போட்ட அதே சிபியூவில் ஓடுகிறது. ஒர்க்கியூ என்ற பெயரைப் பார்த்துவிட்டு உள்ளே மியூடெக்ஸ் (காத்திருக்கும்போது தூங்கவைக்கும் பூட்டு) போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். இல்லை, ஸ்பின்லாக்கை (தூங்காமல் காத்திருக்கும் பூட்டு) அப்படியே விட்டிருக்கிறார்கள். நல்ல வேலை.

இடிப்பது டிரைவரைக் கழற்றும் இடத்தில். ரிமூவ் ஃபங்ஷனில் வேலையை ரத்து செய்யும் கேன்சல்_ஒர்க்_சிங்க் இருக்கிறது, ஆனால் இன்டரப்டைப் பதிவு செய்தது டெவ்எம் (டிரைவரின் வளங்களைத் தானாக விடுவிக்கும் கெர்னல் வசதி) வழியாக. அதாவது, ரிமூவ் முடிந்த பிறகுதான் இன்டரப்ட் விடுவிக்கப்படும். நடுவில் ஓர் இன்டரப்ட் வந்தால், ரத்து செய்த வேலை மறுபடி வரிசையில் ஏறிவிடும். அப்புறம் அது ஓடும்போது நினைவகம் இருக்காது. டாஸ்க்லெட்டை நிறுத்தும் பழைய டாஸ்க்லெட்_கில் இருந்தபோதும் இந்த ஓட்டை இருந்ததுதான். அதையே புதுப் பெயரில் எடுத்துவர வேண்டுமா?

6.10 முதல் டிஸேபிள்_ஒர்க்_சிங்க் இருக்கிறது. அதன்பின் அந்த வேலை வரிசையில் ஏறவே ஏறாது. ஆனாலும் எனக்கு அது போதாது, ஏனென்றால் இன்டரப்ட் ஹேண்ட்லர் சேனல் பட்டியலையும் தொடுகிறது. முதலில் சாதனத்தில் இன்டரப்டை அணையுங்கள், பிறகு டெவ்எம்_ஃப்ரீ_ஐஆர்க்யூவால் அதை விடுவியுங்கள், கடைசியில் கேன்சல்.

கேசானை (கெர்னலின் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) இயக்கி, டிஎம்ஏ ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவரை நூறு தடவை கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வந்த அன்றே பார்த்துவிடுகிறேன்.