பள்ளி இறுதித் தேர்வுக்கு ஆன்கி செயலி: ஒரு மதிப்பீடு

இறுதித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களில் பெரும்பாலோர் பாடத்தை மீண்டும் மீண்டும் வாசிக்கிறார்கள், முக்கியமான வரிகளுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். வாசிக்க வாசிக்கப் பாடம் கண்ணுக்குப் பழகிவிடுவதால் அது தெரிந்துவிட்டதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது. புத்தகம் இல்லாத தேர்வறையில்தான் குறை வெளிப்படுகிறது. அந்தக் குறையைத் தேர்வுக்கு முன்பே காட்டிவிடும் கருவி என்பதால்தான் ஆன்கியை மாணவர்களுக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006-இல் வெளியிட்ட திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள் இது. கணினியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் இலவசமாகக் கிடைக்கிறது; ஐபோன் செயலிக்கு மட்டும் கட்டணம் உண்டு. செயலியில் நாம் உருவாக்கும் ஒவ்வொரு அட்டையின் ஒரு பக்கத்தில் வினாவும் மறுபக்கத்தில் விடையும் இருக்கும். விடையை மனத்துக்குள் சொல்லிப் பார்த்த பிறகு அட்டையைத் திருப்பி, எவ்வளவு எளிதாக நினைவுக்கு வந்தது என்பதை நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்திக் குறிக்க வேண்டும். மறந்த அட்டை விரைவில் திரும்பி வரும். நன்கு தெரிந்த அட்டை சில நாள், பிறகு சில வாரம், பிறகு சில மாதம் என்று தள்ளிப்போகும்.

இந்த முறைக்கு வலுவான ஆய்வு அடிப்படை இருக்கிறது. கற்றது காலப்போக்கில் எப்படி மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே அளந்து எழுதினார். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முன்னிலை பெற்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, வாசிப்பதற்குப் பதிலாகத் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் மட்டும் படிப்பவர்கள் ஏமாறுவதற்கான காரணத்தை இந்த ஒரு முடிவே விளக்கிவிடுகிறது.

செயலியின் பயன் முழுவதும் அட்டையை எழுதும் விதத்தைப் பொறுத்தது. ‘ஒளிச்சேர்க்கையை விளக்குக’ என்று முன்பக்கத்திலும் ஒரு பக்க விடையைப் பின்பக்கத்திலும் எழுதினால், பாதி நினைவுக்கு வரும்போது எந்தப் பொத்தானை அழுத்துவது என்றே தெரியாது. அதையே ‘ஒளிச்சேர்க்கையில் வெளியாகும் ஆக்சிஜன் எந்தச் சேர்மத்திலிருந்து வருகிறது?’, ‘ஒளிவினை பசுங்கணிகத்தின் எந்தப் பகுதியில் நடக்கிறது?’ என்று பிரித்துக்கொண்டால், நீர் என்றும் தைலக்காய்டு என்றும் ஒற்றைச் சொல்லில் விடை வரும். தெரிந்ததா இல்லையா என்பதிலும் ஐயம் இருக்காது. இதயத்தின் படத்தில் பாகங்களின் பெயர்களை மறைத்துக் கேட்கும் வசதியும் இருக்கிறது. படம் வரைந்து பாகம் குறிக்கும் வினாக்களுக்கு அது மிகவும் உதவும். பிறர் தயாரித்த அட்டைத் தொகுப்புகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைத்தாலும், பாடநூலை வாசித்து எதைக் கேள்வியாக்கலாம் என்று யோசிப்பதே பாதிப் படிப்பு என்பதால், சொந்தமாக எழுதுவதையே வலியுறுத்துவேன்.

குறைகளும் உண்டு. முதலில் பார்க்கும்போது அமைப்புகள் பக்கம் மிரட்டும். அதைவிடப் பெரிய சிக்கல், நீண்டகால நினைவுக்காக வடிவமைக்கப்பட்ட இந்தச் செயலிக்குத் தேர்வு நாள் எதுவென்று தெரியாது என்பதுதான். ஓர் அட்டையை அது தேர்வு முடிந்த பிறகு வரும் தேதிக்குக்கூடத் தள்ளிவைத்துவிடும். அமைப்புகளில் அதிகபட்ச இடைவெளியைக் குறைத்துவைத்தால் இதைத் தவிர்க்கலாம். நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்பது செயலியில் முன்பே அமைந்திருக்கும் வரம்பு. கேட்கக் குறைவாகத் தோன்றினாலும், ஒவ்வொரு புதிய அட்டையும் பலமுறை திரும்பி வரும் என்பதால் அன்றாடத் திருப்புதல் சில வாரங்களில் பல மடங்காகிவிடும். ஐந்து பாடங்களுக்கும் சேர்த்து இந்த வரம்புக்குள் நிற்பதே நல்லது. தேர்வு நெருங்கும்போது புதிய அட்டைகளை அறவே நிறுத்திவிட வேண்டும்.

நினைவில் வைப்பதற்கு மட்டுமே ஆன்கி உதவும். கணிதத்தில் சூத்திரம் தெரிந்திருப்பது தொடக்கமே. கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல் மதிப்பெண் வராது. வரலாற்றில் ஆண்டும் பெயரும் அட்டையிலிருந்து வந்துவிடும். காரணங்களை வரிசைப்படுத்தி நெடுவினாவுக்கு விடை எழுதும் திறனை, முந்தைய ஆண்டு வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதித்தான் பெற முடியும். ஆகவே ஆன்கிக்கு நாள்தோறும் அரை மணி நேரம் ஒதுக்கி, மீதிப் பொழுதை எழுத்துப் பயிற்சிக்குக் கொடுப்பதே சரியான பங்கீடு என்று கருதுகிறேன்.

கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல நினைவுக் கருவி எதையும் என்னால் சொல்ல முடியாது. தேர்வுக்கு இரண்டு வாரமே மீதமிருக்கும் மாணவர்கள் மட்டும் இப்போது இதைத் தொட வேண்டாம். அட்டை எழுதச் செலவாகும் நேரத்தில் அவர்கள் பழைய வினாத்தாள்களை எழுதிப் பார்த்து, விடுபட்ட இடங்களைப் பாடநூலில் தேடிப் படிப்பதே அவர்களுக்கு அதிக மதிப்பெண் தரும்.